மூன்று சின்னது, ஒரு நீட்டு

யுஸ்ரில் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை எண்ணுகிறவர். மற்ற நாட்களில் கணக்கு வாத்தியார். லவங்கப்பட்டைத் தோட்டங்களைத் தாண்டி அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினால் முன்பெல்லாம் பத்துப் பதினைந்து சோலைபாடிகள் பாடும். இப்போது ஒரே ஒரு ஆண்தான் மிச்சம். மற்றதையெல்லாம் பிடித்து, கூண்டுப் பறவைகளைப் பாடவிட்டுப் போட்டி போடுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. சோலைபாடியைப் பிடிக்கக் கூடாத பறவைகளின் பட்டியலில் ஒரு தடவை சேர்க்கத்தான் செய்தார்கள். கூண்டு வைத்திருக்கிறவர்கள் நாலு நாள் கத்தியதும் எடுத்துவிட்டார்கள். சட்டமாம், பெரிய சட்டம்!

இன்னும் ஒரு வழி இருந்தது. ஒரு இடத்தில் தொடர்ந்து மூன்று வருடம் சோலைபாடி இருப்பதாக எண்ணிக்கைத் தாள் காட்டினால், அங்கே எந்தப் பறவையையும் யாரும் பிடிக்கக் கூடாது என்று மாவட்டத்தில் உத்தரவு போடுவார்கள். யுஸ்ரில் கிட்டத்தட்ட மூன்று வருடத்தையும் கடந்துவிட்டார். கடைசித் தாளைப் புதன்கிழமை கொடுத்தால் முடிந்தது.

அந்தப் பறவை லேசில் வெளியே வராது. அதனால் யுஸ்ரில் விசிலடிப்பார். மூன்று சின்னது, ஒரு நீட்டு. யாரடா இது என்று பார்க்க அது கீழ்க்கிளைக்கு வரும், அவர் குறித்துக்கொள்வார். ஒரு வருடத்தில் அந்த விசிலையே தன் பாட்டின் கடைசியில் சேர்த்துக்கொண்டது. மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்து, "நான் கூப்பிட்டா பக்கத்துல வந்து உக்காருதுப்பா!" என்று எல்லாருக்கும் விசிலடித்துக் காட்டிச் சொன்னார்.

இரண்டு ஞாயிறாகப் பள்ளத்தாக்கில் சத்தமே இல்லை. மூன்றாவது ஞாயிறும் வெறுங்கையோடு ஏறி வந்தவர், நேரே நகரத் திடலுக்குப் போனார். அங்கே போட்டி நடந்துகொண்டிருந்தது. கம்பியில் வரிசையாக இருபது கூண்டுகள். வேலிக்கு வெளியே நின்று உரிமையாளர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் கூண்டிலிருந்து வந்தது அந்தச் சத்தம். மூன்று சின்னது, ஒரு நீட்டு.

அந்தக் கூண்டு லவங்கப்பட்டை வியாபாரி எட்வாருடையது. சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் வன அலுவலகத்து அதிகாரி ரோஸ்னெத்தி அம்மாள். யுஸ்ரில் அவரிடம் ஓடினார். அந்த ஊரில் பெண்களை மரியாதையாக இபு என்பார்கள், ஆண்களை அண்ணன் முறையில் உடா என்பார்கள்.

"இபு, அது என் பள்ளத்தாக்குப் பறவை."

"உடா, கால்ல வளையம் இருக்கு. கூண்டுல பொரிச்சதுன்னு சர்டிபிகேட்டும் இருக்கு. பாட்டையெல்லாம் சாட்சியா வச்சு நான் என்ன பண்றது?"

"வளையத்தைப் பாருங்க, தொளதொளன்னு இருக்கு. குஞ்சுல போட்டிருந்தா இப்படி இருக்குமா?"

"காலு மெலிஞ்சிருச்சும்பான். எனக்குத் தெரியாதா அவனை!"

யுஸ்ரிலுக்கு வேறு வழி தெரியவில்லை. வேலியோரம் போய் உதட்டைக் குவித்து விசிலடித்தார். பறவை சட்டென்று திரும்பி, வாலைத் தூக்கி, மூச்சு விடாமல் பாடித் தீர்த்தது. கூட்டம் ஓவென்றது. நடுவர்கள் ஓடிவந்து ஒன்பதாம் கூண்டின் கீழே மதிப்பெண்ணுக்காகக் கொடிக்கு மேல் கொடியாக நட்டார்கள். முதல் பரிசு அதற்குத்தான்.

எட்வார் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

"உடா! உங்க விசில்தானா அது? புடிச்சவன் சொன்னான், வலை வேணாம், பசை வேணாம், மூணு சின்னது ஒரு நீட்டு அடிச்சாப் போதும், தானா வந்து பக்கத்துல குந்துச்சுன்னு. அடுத்த வாரமும் வந்துடுங்க, சாப்பாடு என் செலவு!"

ரோஸ்னெத்தி பின்னால்தான் நின்றார். "எட்வார், கூண்டுல பொரிச்சதுன்னுதானே சர்டிபிகேட்டு?"

எட்வார் நாக்கைக் கடித்துக்கொண்டான். சோலைபாடி பட்டியலில் இல்லாவிட்டாலும் பொய் வளையம் குற்றம்தான். கூண்டு ரோஸ்னெத்தியின் கைக்கு வந்தது.

செவ்வாய் விடிந்ததும் பள்ளத்தாக்கில் கதவைத் திறந்தார்கள். யுஸ்ரில், ரோஸ்னெத்தி, கூண்டைச் சுமந்து வந்த வனக் காவலர், மூன்றே பேர். பறவை பறந்து உயரக் கிளையில் உட்கார்ந்தது. யுஸ்ரிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி ஜென்மத்துக்கும் விசிலடிக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தார்.

காவலருக்கு அதெல்லாம் தெரியாது. போட்டிக் கதையை ஊரே பேசியதைக் கேட்டிருந்தவர், சும்மா விளையாட்டுக்கு விசிலடித்துப் பார்த்தார். மூன்று சின்னது, ஒரு நீட்டு. பறவை விர்ரென்று இறங்கி வந்து அவர் காலடியில் இருந்த கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"அட, நமக்கும் வருதே!" என்று சிரித்தார் அவர்.

யுஸ்ரில் சிரிக்கவில்லை. பறவையை மெல்ல இரு கையாலும் அள்ளி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்ன உடா பண்றீங்க?" ரோஸ்னெத்தி பதறினார்.

"உத்தரவு போட்டாலும் இங்க தினமும் காவலுக்கு யாரு இருக்கா இபு? நாளைக்கு எவன் விசிலடிச்சாலும் போயி உக்காரும். உங்க பறவைக் காப்பகத்துலயாவது உயிரோட இருக்கட்டும்."

"சரி, தாளையாவது ஒழுங்கா எழுதுங்க. கிளையில உக்காந்துச்சுல்ல? ஒண்ணுன்னு போடுங்க. நானும் பாத்தேன், கையெழுத்துப் போடுறேன். உத்தரவு வந்துரும்."

யுஸ்ரில் தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். அவர் ஒரு முறைகூடப் பொய் எண் எழுதியதில்லை. கூண்டுக்குள்ளிருந்து அது அவரைப் பார்த்துப் பாடியது, கடைசியில் அந்த நாலு விசிலோடு.

பள்ளத்தாக்கில் இனி ஒன்றுகூட இல்லை; சோலைபாடி என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார். பக்கத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. பன்னிரண்டு வருடத்தில் அதில் காடு வெட்டு, வலை, மழை என்றுதான் எழுதியிருக்கிறார். இன்று எழுதினார்: 'எண்ண வந்தவர் விசிலடித்துப் பழக்கிவிட்டார்.'

கீழே தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டு, தாளை ரோஸ்னெத்தியிடம் நீட்டினார்.