ஹால் டிக்கெட்டில் இல்லாத செதில்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள், மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றின் வாசலில் அனுவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஹால் டிக்கெட்டில் இருந்த பெண்ணுக்கு மொழுமொழுவென்ற கன்னம். வாசலில் நின்றவளுக்கோ இரண்டு கன்னங்களிலும் செதில்கள். வெயில் பட்டால் வெள்ளியாக மின்னும்.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா லூர்துமேரி பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். செதில் போகவில்லை. தி.நகர்த் துணிக்கடைகளில் இவள் கண்ணாடி முன் நின்றால் மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். பள்ளிக் குழுப்படங்களில் எப்போதும் உயரமானவர்களுக்குப் பின்னால்தான் இடம். கடைசியில் ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்தபோது, வகுப்பாசிரியை ஜலஜா ஸ்டூடியோக்காரரிடம் செதிலை எடுத்துவிடச் சொன்னார். படத்தில் எல்லாரையும் கொஞ்சம் வெளுப்பாக்குவது அனு படித்த பள்ளியின் வழக்கம். படத்தைப் பார்த்து லூர்துமேரி அழுதேவிட்டாள், சந்தோஷத்தில்.

இப்போது தேர்வு மைய அதிகாரி சண்முகசுந்தரம் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஆள் மாறாட்டமாக இருக்கலாம், உள்ளே விட முடியாது என்றார்.

மாணவிகளைக் கூட்டி வந்திருந்த ஜலஜா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார். "ரெண்டு நிமிஷம் சார், படம் மாதிரியே ஆக்கிடறேன்."

"மூஞ்சியக் காட்டுடி," என்று கூடவே வந்திருந்த லூர்துமேரியும் மகளிடம் கெஞ்சினாள். "ஒரு வருசப் படிப்புடி."

பஞ்சு பட்ட இடத்தில் செதில்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதிகாரி மெல்லத் தலையாட்டத் தொடங்கினார், இப்போது சரியாகிவிட்டது என்பதுபோல. அந்தத் தலையாட்டலைத்தான் அனுவால் பொறுக்க முடியவில்லை. ஜலஜாவின் கையைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.

"போட்டோதான் பொய்யா கீது. நான் ஏன் மூஞ்சிய மாத்தணும்?" என்றாள். "மிஸ், போட்டோல இருக்கறது என் நெஜ மூஞ்சி இல்ல, நீங்க மாத்தச் சொன்னதுன்னு எழுதிக் குடுங்க."

உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று ஜலஜா முகம் சிவந்தார். உள்ளே முதல் மணி அடித்தது. எழுதிக் கொடுத்தால் விடுகிறேன் என்று அதிகாரி வேறு வழியில்லாமல் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. லூர்துமேரி மகளின் ஈர முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை வாங்கி ஆசிரியையின் கையில் திணித்தாள்.

"எழுதுங்க டீச்சர். நானும் கையெழுத்துப் போடறேன். எனக்கும் அந்தப் போட்டோ புட்சிதானே இருந்துச்சி."

அனு உள்ளே போனபோது எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோர இடம். கன்னத்து வெளிச்சம் கூரையில் ஆட, அறை முழுக்க அண்ணாந்து பார்த்தது. மற்றவர்களுக்குத் தொந்தரவு, துப்பட்டாவால் மூடிக்கொள் என்றார் அறைக் கண்காணிப்பாளர்.

"மாட்டேன் சார்."

முதல் விடையைத் தொடங்கினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடி எழுதினாள்.