நூலாக விழும் டீ

மேலே ஒரு கை. கீழே ஒரு கை. நடுவில் டீ, நூலாக. சாரல் விட்ட இடைவெளியில் வெயில் பட்டால் அந்த நூல் செம்பு.

இன்று நூல் நடுங்கியது.

தென்காசியில் டீக்கடை போட்டிருக்கும் பூதத்தானுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. பெண்டாட்டி பேச்சித்தாய் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து எழுப்பி நிறுத்தினாள். அதை உடம்பு வெளியே தள்ளாமலிருக்க மாத்திரை. காலையில் மாத்திரை. ராத்திரியில் மாத்திரை.

மாத்திரை வந்த பிறகுதான் நடுக்கம்.

"அண்ணாச்சி, டீ ஆத்துதீரா, தண்ணி தெளிக்கீரா?" என்றான் ஆட்டோக்காரன்.

"ஓசியில குளிப்பாட்டுதேன், வாங்கிக்கோ."

பூதத்தான் சிரிக்கவில்லை. கொதிக்கும் டீ அவர் விரலில்தான் முதலில் விழுந்திருந்தது.

எல்லாம் மாத்திரைச் சூடு. டாக்டர்மாருக்குக் கமிஷன் வந்தால் போதும், நம் சூட்டை நாம்தான் தணிக்கணும் என்பது அவர் கணக்கு. வீட்டுப் பின்னால் பப்ளிமாஸ் மரம். தினமும் ஒரு பழம் தின்றார், சுளை சுளையாக.

நடுக்கம் கூடியது. பழத்தைக் கூட்டினார்.
நடுக்கம் இன்னும் கூடியது.

சட்டைப் பொத்தானைப் பேச்சித்தாய் போட்டுவிட வேண்டி வந்த அன்று, மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்கு நடந்தார்.

"போடுங்க, நல்லாப் போடுங்க. மொதல்ல என் கிட்னியக் கழட்டி இங்க வச்சிட்டுப் போடுங்க."

டப்பா கையிலேயே கலகலத்தது. அதை அவர் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து அளவுக்கு மேல் ஏறிக் கிடந்தது.

"பப்ளிமாஸ் தின்னீங்களா? அந்தப் பழம் இந்த மருந்தை ரத்தத்துல ஏத்திவிட்டுரும். யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்லணும்? நான் என்கிட்டயே சொல்லிக்கிடணுமா? பழம் நல்லதுன்னீங்க. எந்தப் பழம்னு கேக்க நான் என்ன டாக்டருக்கா படிச்சிருக்கேன்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "பழத்தை நிறுத்துங்க. மாத்திரையை நிறுத்திராதீங்க. நடுக்கம் குறையும். அடியோட போகும்னு சொல்ல மாட்டேன்."

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் பூதத்தான் கத்தினார். "வே, பப்ளிமாஸ் தின்னாதீங்கடே. இவனுவ சொல்ல மாட்டானுவ!"

மழை. பின்வாசலில் பழங்கள் விழுந்து அழுகின. அவர் ஒன்றையும் குனிந்து எடுக்கவில்லை.

நடுக்கம் குறைந்தது. போகவில்லை.

காலையில் மாத்திரையை வாயில் எறிந்து, "சனியனே, உள்ள போ" என்று விழுங்கினார். பேச்சித்தாய்க்கு முதல் டீ. மேல் கையைக் கொஞ்சம் இறக்கினார். கீழ்க் கையைக் கொஞ்சம் ஏற்றினார். முழ நூல் சாண் நூலானது.

சாரல் விட்டது. வெயில் பட்டது. செம்பு.

நடுங்கியது. அறவில்லை.