பென்னி கொடுத்த ரத்தம்

எங்கள் இரும்பு மில்லில் வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் கேம்ப் வைப்பார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே கேன்டீனில் சோறு மீந்துபோகும். மூன்று தட்டு அடிக்கிற ஆட்கள் ஒரு கரண்டி சோற்றை வைத்துக்கொண்டு கோழி கிளறுகிற மாதிரி கிளறுவார்கள். பாட்டிலில் வெந்தயத் தண்ணீர், டிபன் பாக்ஸில் பாகற்காய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டே திடீரென்று திருந்திவிட்டதோ என்று தோன்றும். ரத்தம் எடுத்த அன்று மாலையே அத்தனை பேரும் பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். வருடத்தில் பதினைந்து நாள் நல்லவனாக இருந்தால் போதும் என்பது எங்கள் கணக்கு.

இந்த வருடம் அந்தக் கணக்கில் மண் விழுந்தது. புதிதாக ஒரு டெஸ்ட் சேர்த்திருக்கிறோம், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும், நேற்று பட்டினி கிடந்தாலும் பலன் இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த நோட்டீஸை நான் ரெண்டு தடவை படித்தேன்.

நான் வசந்தகுமார். பதினாறு வருடமாக ரோலிங் பிரிவில் கிரேன் ஓட்டுகிறேன். எண்பத்தி நாலு கிலோ. ஷிப்டுக்கு ஆறு டீ குடிப்பேன், மிக்சர் இல்லாமல் டீ இறங்காது. பட்டினி கிடக்காமல் என் நிஜமான சர்க்கரையை அதுவரை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. பார்க்கப் பயம், அவ்வளவுதான். போன வருடம் பூவராகவனுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். மேலே பழுக்கக் காய்ந்த இரும்பு தொங்கும்போது ஆபரேட்டருக்குத் தலை சுற்றினால் கீழே நிற்பவன் கதி என்ன? விதி நியாயமானதுதான். ஆனாலும் பதினாலு வருடம் கேபினில் உட்கார்ந்த மனுஷன் இப்போது எடைமேடையில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு நானும் அங்கேதான் என்று தோன்றும். கேபின் போனால் எனக்கு எதுவுமே இல்லை.

அதனால் பென்னியைக் கூப்பிட்டேன்.

பென்னி கான்ட்ராக்ட் ஆள். எளாவூரில் வீடு. ரோலர்களுக்கு அடியில் விழும் இரும்புச் செதிலைக் கூட்டி அள்ளுவது அவன் வேலை. முப்பத்தி நாலு வயது, ஒட்டடைக் குச்சி உடம்பு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேம்ப் கிடையாது. ஆகவே அவர்களில் ஒல்லியாக இருப்பவனைப் பிடித்து, நம் டோக்கனைக் கொடுத்து, ரத்தம் கொடுக்கிற வரிசையில் மட்டும் நிறுத்துவது எங்கள் மில்லில் நாலைந்து வருடமாக நடக்கிற வேலை. எடை, பிரஷர், கண் எல்லாம் நாமே போய்ப் பார்த்துக்கொள்வோம். ரத்தம் எடுக்கிறவர்கள் சென்னையிலிருந்து வருகிறவர்கள். ஹெல்மெட்டுக்குக் கீழே எந்த முகம் இருந்தால் அவர்களுக்கு என்ன, நம்பர் சரியாக இருந்தால் போதும்.

"இன்னாண்ணா, என் ரத்தம் அவ்ளோ நல்லாக்கீதா?" என்று பென்னி சிரித்தான்.

"உன் ஒடம்புல கொழுப்பு எங்கடா கீது? ஒரு சொட்டு குடுத்துட்டு வா."

என் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். கொடியில் காய்கிற மாதிரி அது அவன் மேல் தொங்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பத்து நாள் கழித்து மில் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வெறும் வயித்துல இருநூத்தி அறுபத்தெட்டு. மூணு மாச சராசரி பதினொன்னு புள்ளி ரெண்டு. இதை வெச்சிக்கிட்டு எப்படி கிரேன்ல ஏறி இறங்குனீங்க?"

ரிப்போர்ட்டின் தலையில் என் பெயரும் டோக்கன் நம்பரும்தான் இருந்தன.

"தாகம் எடுக்குதா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா? கால் மரத்துப் போகுதா? தானா எடை குறைஞ்சுதா?"

ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ரெண்டு லிட்டர் பாட்டிலை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிகிறவன் பென்னி. மணிக்கொரு தரம் கக்கூஸுக்கு ஓடுகிறவன் பென்னி. போன மாதம் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு, "சிக்குனு ஆய்ட்டேன் பாத்தியாண்ணா" என்று காட்டியவனும் அவன்தான். ஒல்லியாக இருக்கிறான், ரத்தம் சுத்தம் என்று நினைத்தோம். அந்த வியாதிதான் அவனை ஒல்லியாக்கியிருக்கிறது.

"ஆமாங்க மேடம்" என்றேன்.

மூன்று மாதத்துக்குக் கிரேன் இல்லை. ஸ்டோரில் வேலை. மறுபடி டெஸ்ட், அதில் தேறினால் பார்க்கலாம். மாத்திரைகளையும், என்ன சாப்பிட வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று அச்சடித்த தாளையும் கையில் கொடுத்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு லேபில் என் சொந்த ரத்தத்தைக் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி ஒன்று. "பார்டர்ல கீது சார், நடந்தா சரியாய்டும்" என்றான் லேபுக்காரன். என் ரத்தத்தையே கொடுத்திருந்தால் கேபின் போயிருக்காது. வெளியே வந்து லாரிப் புழுதியில் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் வரவேண்டும், வரவில்லை. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

பென்னியிடம் சொல்ல வேண்டும். அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று யார் தலையில் கை வைத்தும் சத்தியம் செய்ய மாட்டேன். சொன்னால் அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான், எப்படித் தெரிந்தது என்று நாலு பேரிடம் உளறுவான், ஆள் மாறாட்டம் வெளியே வரும். அவனைக் கான்ட்ராக்டர் அன்றைக்கே துரத்துவான், என்னை விசாரணை வைத்து அனுப்புவார்கள். டெஸ்ட் முடியட்டும், கேபினில் ஏறிய மறுநாள் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடும்? எல்லோரிடமும் பிரஷர் என்று சொன்னேன்.

பென்னிதான் ரொம்ப வருத்தப்பட்டான். "என் ரத்தத்த குடுத்தும் பிரஷர்ல மாட்டிக்கினியேண்ணா! பேஜாரா பூடுச்சே."

என் மனைவி நர்மதாவிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சட்டைப் பையில் பதினொன்று போட்ட அந்த ரிப்போர்ட்டை அவளே பார்த்துவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த அச்சடித்த தாளைப் பிரிட்ஜ் மேல் ஒட்டினாள். என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். முதலில் கீரை, காய், அப்புறம் பருப்பு, கடைசியில்தான் சோறு, அதுவும் ரெண்டு கரண்டி. காலையில் கேழ்வரகு அடை. டீயில் சர்க்கரை இல்லை. மிக்சர் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். விடிந்ததும் சிப்காட் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடை. ராத்திரி சாப்பிட்டதும் படுக்க விடாமல் தெருவில் ரெண்டு சுற்று. பத்து மணிக்கு போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

"பதினொன்னு கீதுங்க! வெளாட்டா? எழுந்து நடங்க!"

நடந்தேன். ஏதோ பொம்மைக்குச் சாவி கொடுத்த மாதிரி நடந்தேன். டாக்டரம்மாவின் மாத்திரையைத்தான் தொடவில்லை, லாக்கரிலேயே கிடந்தது. ஒரு மாதத்தில் பேன்ட் தளர்ந்தது, மூச்சு வாங்குவது குறைந்தது, மதியம் கண்ணைச் சொக்குவது போனது. நன்றாக இருக்கிறேன் என்று உடம்பு சொன்னது. எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

பென்னியிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். ஒருநாள் டீக்கடையில் கிளாஸில் மூன்றாவது ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினான்.

"டேய், கம்மி பண்ணுடா. ஒருதபா சுகர் டெஸ்ட் எடுத்துப் பாரேன்."

"எனக்கு இன்னாண்ணா வரப்போவுது? நேத்துகூட ரெட்ட ஷிப்டு பாத்தேன். ஒரு டீ அட்ச்சா போதும், தெம்பு வந்துரும்." பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். "இந்தா, முருங்கக்கீர. கிரேஸு பறிச்சுக் குட்த்துச்சு. பிரஷருக்கு நல்லதாம், அண்ணிகிட்ட குடு."

கிரேஸ் அவன் மனைவி. வாரத்துக்கு ரெண்டு முறை அந்தக் கீரை வந்தது. வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் நடுவில் பென்னி வேலைக்கு வரவில்லை. சூடான செதில் ஒன்று பூட்ஸுக்குள் விழுந்திருக்கிறது. சாதாரண ஆள் என்றால் துள்ளிக் குதித்துப் பூட்ஸைக் கழற்றி எறிந்திருப்பான். பென்னி ஷிப்டு முடித்து, பஸ் ஏறி, வீட்டுக்குப் போய் சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்த்திருக்கிறான். தோலோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு ரெண்டு நாள் வேலைக்கும் வந்திருக்கிறான். அப்புறம் வீங்கி, நாற்றமெடுத்து, சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று ஸ்டோரில் போல்ட் நட் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்து முடித்தேன். டெஸ்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஏப்ரலில் என் கையை நானே நீட்டினேன். ஐந்து புள்ளி ஏழு. எடை எழுபத்தி ஏழு.

டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் அத்தனை பேரையும் கூட்டி என்னை முன்னால் நிறுத்தினார். "பதினொன்னு புள்ளி ரெண்டுல இருந்து அஞ்சு புள்ளி ஏழு! மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். நடை, சாப்பாடு, தூக்கம். தினமும் செய்யற சின்னச் சின்ன விஷயம்தான் உயிரைக் காப்பாத்துது. வசந்தகுமார், நீங்களே சொல்லுங்க."

"சோத்தக் கொறச்சேன். நடந்தேன்" என்றேன். கைதட்டினார்கள். பூவராகவன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அடுத்த நாளே நோட்டீஸ் போர்டில் என் போட்டோவும் ரெண்டு நம்பரும். பிரஷர் என்றாயே என்று ரெண்டு பேர் கேட்டார்கள். சர்க்கரை என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்றேன். அதையும் நம்பினார்கள்.

திங்கட்கிழமை கேபினில் ஏறினேன். மேலிருந்து பார்த்தால் பென்னி கூட்டுகிற இடத்தில் வேறொருவன் கூட்டிக்கொண்டிருந்தான். எட்டு மணி நேரமும் லோடு தூக்கினேன், இறக்கினேன். ஒரு தப்பும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் போனேன். செக்போஸ்ட் தாண்டி உள்ளே போகிற தெருவில் வீடு. பென்னி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது காலில் பாதி வரை கட்டு. ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

"வாண்ணா! கிரேஸு, யாரு வந்துக்கீது பாரு. டீ போடு. எனக்குச் சக்கர இல்லாம." என்னைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு சுகராம்ணா. நம்புவியா? ஆஸ்பத்திரில நானூறு இருந்துச்சுன்றாங்க."

கிரேஸ் டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தாள். "டாக்டருங்க திட்றாங்கண்ணா. ரெண்டு மாசம் முன்ன தெரிஞ்சிருந்தாகூட வெரலு பூட்டிருக்காதாம். ஒருதபாகூட டெஸ்ட் எடுக்கலியான்னு கேக்கறாங்க."

"எடுத்தேனேன்னு சொன்னேன்" என்றான் பென்னி. "ஜனவரில கேம்புல ரத்தம் குட்த்தேன், அப்ப நல்லாத்தான் இருந்துச்சு, எதனா இருந்தா எங்க அண்ணன் சொல்லிக்கும்னு சொன்னேன். அப்ப நல்லாத்தானேண்ணா இருந்துச்சு?"

கிரேஸும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீயைக் குடித்துவிட்டு, ஒரு பை பழத்தை வைத்துவிட்டு, ரயிலேறி வந்துவிடலாம். கேபின் இருக்கிறது. போர்டில் போட்டோ இருக்கிறது. வாயைத் திறந்தேன்.

"பதினொன்னு புள்ளி ரெண்டு" என்றேன். "எனக்கு அப்பவே தெரியும் பென்னி. கிரேன் போனது அதுக்குத்தான், பிரஷருக்கு இல்ல. கேபினு மறுபடி கெடைக்கட்டும், அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

கிரேஸ் எழுந்து என் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

பென்னி கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப நீ காலைல நடந்தது, சோத்தக் கொறச்சது, எல்லாமே..." கொஞ்சம் யோசித்தான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டான். "எல்லாமே என் சுகருக்காண்ணா நடந்தே?"