மைக் அக்கா எழுதாமல் சேர்த்த வரி

அந்தச் சின்ன ஊர் விமான நிலையத்தில் அறிவிப்பு செய்பவளுக்கு மைக் அக்கா என்றுதான் பெயர். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, யாரும் எழுதித் தராத ஒரு வரியைச் சேர்ப்பாள்: "போய்ட்டு வாங்க." மேலதிகாரிகள் மெமோ கொடுத்துப் பார்த்தார்கள். மசியவில்லை.

இன்று இங்கிருந்து கிளம்பும் கடைசி விமானம். நாளை முதல் ஊருக்கு வெளியே புது நிலையம், பதிவு செய்த குரல்.

ஓடுபாதை வெறும் புல்தரையாக இருந்த காலம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆடுகளை விரட்டத் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஓடும். பெட்டியோடு ஆளையும் எடை போட்டு, குண்டானவர்களை நடுவில் உட்கார வைப்பார்கள்; அதற்கு வராத சண்டையா! அந்த எடை மேடையில்தான் அவள் மகள் மத்தியானம் தூங்குவாள். எவ்வளவு நல்ல நாட்கள்!

அதே மகள் இன்று வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். அம்மாவுக்குச் சம்மதமில்லை. காலையில் வாக்குவாதம் முற்றி, மகள் வாசலில் நின்று "நான் போறேன்" என்றாள். "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லவில்லை. பெற்றவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அக்கா, இன்னிக்கு அந்த வரி வேணாமே" என்றார் மேலாளர். "இங்க யாரு திரும்பி வரப்போறா? சிரிப்பாங்க."

நியாயம்தான் என்று தோன்றியது. அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு மைக்கை அணைத்தாள்.

பயணிகள் நடந்துபோய் விமானப் படிக்கட்டின் கீழ் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், அந்த வரி வராமல் அறிவிப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ள அவர்களுக்குப் பழக்கமே இல்லை. ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்தார்கள். விமானி தலையை நீட்டி, "என்ன ஆச்சு?" என்றார்.

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லித் தொலைங்க அக்கா!"

"போய்ட்டு வாங்க."

வரிசை மளமளவென்று ஏறியது. மகள் மட்டும் ஏறாமல் அறிவிப்பு அறையின் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். அது ஊருக்குச் சொன்னது, அவளுக்கு இல்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"உன்னையுந்தான்டி சொல்றேன். போய்ட்டு வா."

அவள் சொல்லி முடித்ததும், பொறுமையிழந்த விமானி இன்ஜினைக் கிளப்பினார். மகள் கைகளை வாயருகே குவித்து ஏதோ கத்தினாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வெறும் "போறேன்" என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.