அவருக்கு சுகர்

"சக்கர போடலம்மா. சாருக்காக இன்னிக்கி யாருக்குமே போட வேணாம்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பாஸ்கரன் காபி டம்ளரை நீட்டினார். சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஞானகுமாரி வாங்கிக்கொண்டாள். பெட்டிக்குள் அவள் கணவர் பால்ராஜ், வெளிநாட்டு மாநாட்டுக்கென்று தைத்த கோட்டில் படுத்திருந்தார்.

திருமுல்லைவாயிலில் அவரைத் தெரியாதவர் குறைவு. உடற்பயிற்சி விஞ்ஞானி. சர்க்கரை நோயாளியின் உடம்பில் நடையும் ஓட்டமும் என்னென்ன செய்யும் என்பதுதான் ஆராய்ச்சி. அவரே கல்லூரி நாளிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். விடிந்தால் ஏரிக்கரையில் ஒரு கூட்டம் அவர் பின்னால் நடக்கும்; பாஸ்கரன் அதில் முதல் ஆள். சர்க்கரையை விஷம் என்று சொல்லிச் சொல்லியே நடத்துவார்.

நேற்று அங்கேதான் விழுந்தார்.

"எப்படி விழுந்தாரு?" இதுவரை அவள் யாரையும் கேட்கவில்லை.

பாஸ்கரன் பக்கத்தில் குந்தினார். "குடிச்சவர் மாதிரி தள்ளாடினாரும்மா. வேர்த்துக் கொட்டுது. டீக்கட அன்வர் பாஷா கலர் சோடா பாட்டில ஒடச்சிகினு ஓடியாந்தான். யார் மயங்குனாலும் அவன் அதான குடுப்பான்! 'யோவ், சுகர் பேஷண்டுக்கா கலரு, கொல்லப் பாக்கிறியா'ன்னு நான்தான் தட்டி உட்டேன். ஒரு சொட்டு உள்ள போவ உடலம்மா."

அழுகைக்கு நடுவில் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"அவர் எதாவது சொன்னாரா?"

"சுகர், சுகர்னு வாய் கொழறிச்சு. 'ஒங்களுக்கு சுகர்னு எங்களுக்குத் தெரியாதா சார், பயப்படாதீங்க'ன்னு கையப் புடிச்சிகினேன். ஆட்டோ வர்றதுக்குள்ள..."

டம்ளர் சுட்டது. அவள் கீழே வைக்கவில்லை.

ஊசி மருந்து கூடி, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டால் அவர் அப்படித்தான் குழறுவார். எத்தனை தடவை தலையை மடியில் போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியிருக்கிறாள். தெளிந்ததும் முதல் வேலையாக, "வெளிய சொல்லாத" என்பார்.

"கூட நடக்கறவங்ககிட்டயாவது சொல்லி வைங்களேன்" என்று அவளும் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"நடக்கவே பயந்துடுவாங்க, ஞானம். வாத்தியாரே விழறான்னு சிரிப்பாங்க."

அதே விஷயத்தைத்தான் இங்கிலீஷில் கட்டுரையாக எழுதி, இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வாசித்து, கைதட்டல் வாங்கி வந்தார். ஏரிக்கரைக்குச் சொல்லத் தமிழில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை அவருக்கு.

"நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமாம்மா?" என்றார் பாஸ்கரன்.

உண்மை வாய்வரை வந்துவிட்டது. அவள் பெட்டிக்குள் பார்த்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார்கள்.

"இல்ல. அவர் சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சிருக்கீங்க."

பாஸ்கரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக மூக்கைச் சிந்தினார். அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

சுவரோரம், ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய துணிப்பை கிடந்தது. அதில் அவருடைய சட்டை. சட்டைப்பையில், நேற்று அவள் போட்டு அனுப்பிய ஆரஞ்சு மிட்டாய்கள், காகிதம் பிரிக்காமல்.

"அக்கா, எறும்பு எப்படி சாரையா போவுது பாரு. மருந்து தூவட்டா?" என்றாள் தங்கை ஹில்டா.

"வேணாம். வுடு."

காபியை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வாசற்படி ஏறி, பெட்டியின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு, எறும்புகள் பைக்குள் போய்க்கொண்டிருந்தன.