துணிப்பைக்குள் கருப்பட்டி

இன்றைக்கும் பெரியாயி வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஊமைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று தலைமையாசிரியர் இராமையா முடிவாகச் சொல்லிவிட்டார். அப்பா அழகையாவோடு பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அவள் வந்து ஒரு வருடமாகிறது. யார் காதிலும் அவள் குரல் விழுந்ததில்லை.

றஷீனா டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பதுளையில் வாப்பாவின் பலசரக்குக் கடையில் அகப்பட்டதையெல்லாம் துணிப்பைகளில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கண்ணை மூடித் தடவி, முகர்ந்து, பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு அட்டையில் புளியங்கொட்டைகளை ஒட்டிச் செய்த எழுத்தை விரலால் தடவ வேண்டும். கிராம்புக்கும் கற்பூரத்துக்கும் வகுப்பே கத்தியது. பெரியாயி மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி விட்டதும் றஷீனா அவளை நிறுத்திக் கடைசிப் பையைக் கொடுத்தாள். சிறுமியின் கை காய்ந்த வாழைச்சருகில் பட்டது. உள்ளே சிரட்டை வடிவத்தில் ஏதோ ஒன்று. மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது.

"மே அபே அம்மகெ ஹகுரு."

தெளிவான சிங்களம். கடையில் வளர்ந்த றஷீனாவுக்குச் சட்டென்று புரிந்தது. இது எங்கள் அம்மாவின் கருப்பட்டி.

மகளைக் கூட்டிப்போக வந்த அழகையா வாசலில் நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"வேற யாராச்சும் கேட்டாங்களா டீச்சர்?"

நான் மட்டும்தான் என்றாள்.

அவன் பெஞ்சில் சரிந்தான். மனைவி ஹல்துமுல்லைப் பக்கத்துச் சிங்களப் பெண், கருப்பட்டி செய்து விற்றவள், காய்ச்சலில் போய்விட்டாள். அவனுக்கு இங்கே இடம் கிடைத்த லயத்து வீட்டு வரிசையிலோ, எழுபத்தேழு கலவரத்தில் சிங்களவரிடம் அடிபட்டு வந்த தமிழர்கள்தான் நிறைய.

"அந்தப் பேச்சு வெளிய கேட்டா அப்பாவ அடிச்சிருவாங்கன்னு நாந்தான் புள்ளைகிட்ட சொன்னேன். வீட்டுல குசுகுசுன்னு பேசிக்குவோம். வெளிய வந்தா வாயவே மூடிக்கிச்சு."

றஷீனா கையிலிருந்த பையைப் பார்த்தாள். காலையில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், இதே பையைத்தான் நீட்ட இருந்தாள்.

கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துச் சிறுமியின் நாக்கில் வைத்தாள். "கருப்பட்டி," என்று மெல்லச் சொன்னாள்.

பெரியாயி அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையை அசைத்தான்.

"கருப்பட்டி."

வெளியே கதவு பூட்டிக்கொண்டிருந்த சாவிச் சத்தம் நின்றது. இராமையா எட்டிப் பார்த்தார்.

"யாரு பேசினது?"

"பெரியாயிதான் சேர்," என்றாள் றஷீனா. "திங்கக்கிழமையும் வருவா."