கார்கில் வருஷத்து அம்மை

பூங்குழலி மூன்றாவது முறையாக அந்தத் தொப்பியைக் கழற்றினாள்.

ஒவ்வொரு தடவையும் கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்க வேண்டியிருந்தது. குளிர் முகத்தில் அடித்தது. தொப்பியின் விளிம்பு பட்டு அப்பாவின் நெற்றியில் விபூதி பாதி அழிந்துபோயிருந்தது. முதல் தடவை போட்டவன் தம்பி மதன். இரண்டாவது தடவை அபார்ட்மெண்ட் சங்கத் தலைவர் ஸ்ரீஹர்ஷா. இந்தத் தடவை யாரென்றே தெரியவில்லை. ஆளாளுக்கு வந்து ஒரு மிலிட்டரிக்காரரைத் தேடுகிறார்கள், தொப்பியைக் காணாவிட்டால் போட்டுவிட்டுப் போகிறார்கள். தொப்பியைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள்.

நஞ்சுண்டசாமி இருபத்தொரு வருஷம் இந்த அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தவர். நேற்றுக் காலை பத்து மணிக்குக் கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பார்க்கிங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் அவருக்குக் கொடுத்த வீடு. பெட்டி அதற்குள் நுழையவில்லை. அதனால் இரண்டு கார்களுக்கு நடுவில் கிடத்தியிருந்தார்கள். அதில் ஒரு கார்க்காரர் வண்டியை எப்போது எடுக்கலாம் என்று ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாயிற்று.

"அக்கா, தொப்பி எங்க?" மதன் வந்து நின்றான். கையில் சுருட்டிய ஃப்ளெக்ஸ். மைசூர் மண்டி மொஹல்லாவில் அவன் வேலை பார்க்கும் மொபைல் கடைக்கு எதிரிலேயே அச்சடிக்கும் கடை. விடிவதற்குள் வாங்கி வந்துவிட்டான்.

"என்றா இது?"

அவன் விரித்தான். அப்பா தொப்பியோடு விறைப்பாக நின்றார். பின்னால் பனிமலை. கீழே கன்னடத்தில் 'கார்கில் வீரர்' என்று கொட்டை எழுத்து.

பூங்குழலிக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. கார்கில் சண்டை நடந்த வருஷம் அவளுக்கு எட்டு வயது. அந்த ஜூலையில் அப்பா சொந்த ஊரான ஹனூர் வீட்டில் கோரைப்பாயில் அம்மை போட்டுக் கிடந்தார். வேப்பிலை மாற்றிப் போட்டது அவள்தான். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சின்னப் பிள்ளைபோல அழுதார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் ஓட்டியது அடுத்தவர் டிராக்டர். மழை இரண்டு வருஷம் ஏமாற்றியதும் மைசூருக்கு வந்தார்கள். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன், மிலிட்டரியில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் முன்வாசல் கேட், பகல் டூட்டி, நாற்காலி என்றான். "நான் எழுதிக்கறேன், யார் கேக்கப் போறாங்க" என்று அவனே ஃபாரத்தை நிரப்பினான். நாற்காலிக்காகச் சொன்ன பொய் அது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தொப்பி வந்தது. மெடல்கள் வந்தன. குழந்தைகள் ஆர்மி தாத்தா என்றார்கள். குடியரசு தினத்துக்கு அவரையே கொடியேற்றச் சொன்னார்கள்.

பூங்குழலிக்கு வங்கியில் கடன் பிரிவில் வேலை. யார் என்ன கொடுத்தாலும் அசல் காகிதம் எங்கே என்று கேட்பதுதான் தொழில். வீட்டில் மட்டும் கேட்க முடியாது. மதன் மைசூரில் வளர்ந்தவன். அவன் பள்ளிக்கூடத்து நோட்டில்கூட அப்பா படம் வரைந்தால் துப்பாக்கி இருக்கும். அவனுக்குச் சொல்லுங்க என்று எத்தனையோ தடவை அப்பாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "சொல்றன் கண்ணு, அடுத்த வாரம்" என்பார். கேஸ் ரெகுலேட்டர் மாற்றுவது, முழங்காலுக்கு டாக்டரைப் பார்ப்பது, எல்லாமே அவருக்கு அடுத்த வாரம்தான்.

"இத மாட்ட வேண்டாம்" என்றாள்.

"அக்கா, சும்னிரு, ஒண்ணும் பேசாத. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க."

அவன் கேட்டின் தூணில் ஃப்ளெக்ஸைக் கட்டப் போய்விட்டான். அவள் அம்மாவிடம் போய் நின்றாள். மாதம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதையும் பார்க்கவில்லை.

"அம்மா, நீயாச்சும் அவங்கிட்டச் சொல்லு."

"வுடு கண்ணு. இன்னும் ரெண்டு மணி நேரந்தான. போறவரு சந்தோசமாப் போவட்டும்."

"செத்தவருக்கு என்னம்மா சந்தோசம்?"

"செரி. எனக்குச் சந்தோசம்னு வெச்சுக்கோ."

இதற்கு மேல் அம்மாவிடம் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்ரீஹர்ஷா திரும்ப வந்தார். கையில் மடித்த தேசியக் கொடி. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அதை உதறிப் பெட்டியின் மேல் விரித்துவிட்டார். நாலைந்து பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

"பாரும்மா, டென்ஷன் பண்ணிக்காதே. எக்ஸ் சர்வீஸ்மென் சங்கத்துலேர்ந்து நாலு பேர் பதினோரு மணிக்கு வருவா. வந்து மலர் வளையம் வைப்பா. சர்வீஸ் நம்பர் மட்டும் வேணுமாம். மிலிட்டரி டிஸ்சார்ஜ் புக் இருக்குமல்வா?"

"தேடிப் பாக்கறனுங்க" என்றாள். வாயில் வந்தது அதுதான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளும் அப்பா மகள்தான் என்று ஆகிவிட்டது.

மணி பத்தேகால். நாலு பேர் நிஜமாகவே பனியில் நின்றுவிட்டு வந்தவர்கள் வரப்போகிறார்கள். இல்லாத நம்பரைக் கேட்கப்போகிறார்கள். அப்பா பெயர் அந்த இடத்தில் அத்தனை பேர் முன்னால் நாறும். இல்லையென்றால் பொய்யையே போர்த்திக்கொண்டு போய் எரிவார். நஞ்சுண்டசாமியை வழியனுப்ப இங்கே ஒருத்தர்கூட வரவில்லையா என்று இருந்தது அவளுக்கு.

அபார்ட்மெண்டில் உண்மையான மிலிட்டரிக்காரர் ஒருவர் இருந்தார். இருநூற்று நாலாம் நம்பர் பராசரன். இருபத்தெட்டு வருஷம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஊரே கீழே நின்றது, அவரைக் காணோம். பூங்குழலி படியேறிப் போனாள்.

ஒரு தடவை மணி அடித்ததுமே கதவு திறந்தது. நெற்றியில் பளிச்சென்று நாமம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலில் ஷூ. கிளம்பித் தயாராக இருந்தார்.

"சார், எங்கப்பா..."

"தெரியும். உள்ள வா."

"என்ன தெரியுமுங்க?"

"எல்லாம். மூணு வருஷமாத் தெரியும்." அவர் உட்காரவில்லை. "எந்த யூனிட்னு கேட்டேன். கார்கில் யூனிட்னார். அப்படி ஒண்ணு கிடையாதும்மா. எந்த மாசம் இருந்தேள்னு கேட்டேன். ஜூலைன்னார். ஜூலைல அங்க நான் இருந்தேன்."

டிவி மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அப்பாவின் மெடல்கள். காணாமல் போய்விட்டன என்று அப்பா வீட்டில் சொல்லியிருந்தார். ஐந்து இருந்தன. இரண்டில் ஓட்டப்பந்தயம் ஓடும் ஆள் பொறித்திருந்தது.

"அவரே கொண்டுவந்து குடுத்தார். அழுதார். எனக்குக் கோவம் இல்லேன்னு நெனச்சுக்காதே. எங்கூட இருந்தவன் ஒருத்தன் திரும்பி வரல. அவனோட டிரங்குப் பெட்டிய அவா அம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுத்தவன் நான். அந்தம்மா அதைத் தெறக்கவே இல்லை. அவன் போட்டுக்காத மெடலை இவர் கடைல வாங்கிக் குத்திண்டு குழந்தைகளுக்கு மிட்டாய் குடுக்கறார். நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

பூங்குழலிக்கு வெட்கமாக இருந்தது. கூடவே இவர் மேலும் கோபம் வந்தது.

"அப்பவே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமில்லீங்க. மூணு வருசம் சும்மா இருந்துபோட்டு..."

"டைம் கேட்டார். பையனுக்கு நானே சொல்றேன், அதுவரைக்கும் வெளில விடாதீங்கோன்னார். தினம் வாக்கிங் போறச்சே கேப்பேன், சொல்லியாச்சான்னு. அடுத்த வாரம்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் ஒரு கணம் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கீழ வரத்தான் கிளம்பினேன். பால்கனிலேர்ந்து கொடியைப் பார்த்தேன். வர முடியல. வந்தா அதை எடுக்கணும். அது யார் மேல வேணா போடற துணி இல்லை, சட்டமே இருக்கு. ஏன்னு எல்லாரும் கேப்பா. செத்தவரைப் பத்தி நான் கூட்டத்துல நின்னு பேச மாட்டேன். நீதான் சொல்லணும்."

"எக்ஸ் சர்வீஸ்மென் சங்கத்துக்காரங்கள வர வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் போனை எடுத்தார். சங்கத்துச் செயலாளரிடம் இந்தியில் நாலே வார்த்தை பேசினார். இருவரும் படியிறங்கினார்கள்.

பராசரனைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. எல்லோரும் அவர் சல்யூட் அடிப்பார் என்று காத்திருந்தார்கள். ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடித்தார். அவர் கையைத் தூக்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் நின்று பூங்குழலியைப் பார்த்தார்.

"எங்கப்பா மிலிட்டரில இல்லீங்க" என்றாள். குரல் உயரவில்லை. அதனால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "ஒரு நாளும் இருந்ததில்லீங்க. ஏஜென்சிக்காரரு எழுதிக் குடுத்தாரு, இவரு அப்படியே வெச்சுக்கிட்டாரு. தப்புத்தான். நாங்களும் சொல்லாம இருந்தது தப்புத்தான்."

"கார்கில்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்த வருசம் அவருக்கு அம்மை போட்டிருந்துச்சுங்க."

ஸ்ரீஹர்ஷாவின் முகம் சிவந்துவிட்டது. "குழந்தைகளை எல்லாம் வரிசைல நிக்க வெச்சு இவருக்கு சல்யூட் அடிக்கச் சொன்னேனே நான். என்னை என்னன்னு நெனச்சா?" என்றார். நியாயமான கேள்விதான்.

கொடியை ஒரு ஆளால் ஒழுங்காக மடிக்க முடியாது. பராசரன் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்துக்கு மதனைப் பார்த்தார். மதன் அசையவில்லை. பூங்குழலி பிடித்தாள். "காவியை அடிப்பக்கமா மடி. பச்சையையும். சக்கரம் மேல வரணும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். மடித்த கொடியை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து ஸ்ரீஹர்ஷாவிடம் கொடுத்தார்.

"உனக்கு இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுதா?" என்றான் மதன். "ஒரே ஒரு நாள். இன்னிக்கு ஒரு நாள் பொறுக்க முடியலயா உனக்கு?"

"கொடிய எடுக்கணும்டா. சங்கத்துல இருந்து வர்றவங்க சர்வீஸ் நம்பர் கேட்டிருப்பாங்க."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பேப்பர் இல்லேன்னு எனக்கும் தெரியும். கேட்டா சொல்லிருவாருன்னுதான் நான் கேக்கவே இல்ல."

அவன் போய் ஃப்ளெக்ஸின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தான். அவிழ்த்துச் சுருட்டி மோட்டார் ரூமுக்குப் பின்னால் எறிந்தான். 

அரை மணி நேரத்தில் கூட்டம் கரைந்தது. இறங்கி வந்தவர்களில் பாதிப் பேர் லிஃப்டில் ஏறிவிட்டார்கள். கார்க்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஹனூரிலிருந்து மாமா பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கொண்டுவந்த கோடி வேட்டியைப் போர்த்தினார். கொடி இருந்த இடத்தில் அந்த வேட்டி சாதாரணமாக இருந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பராசரன் வரிசையில் நின்று தன் முறைக்கு ஒரு பிடி போட்டார். மாதம்மா அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பூங்குழலியும் அழுதாள்.

மயானத்துக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. கேட்டோடு நிற்க வேண்டும். அப்பாவை ஏற்றிய வண்டி நகர்ந்து கேட்டுக்கு வந்ததும் நின்றது. ஏஜென்சி காலையில் அனுப்பிய புது வாட்ச்மேன் கையில் டூட்டி நேரம் எழுதும் நீள நோட்டோடு நின்றிருந்தார்.

"நேத்து டூட்டி ஆள் அவுட் டைம் போடல சார். யாராச்சும் போட்டுக் குடுத்துருங்க. சூப்பர்வைசர் கேப்பாரு."

இதற்கும் மேல் என்னதான் மிச்சம் இருக்கிறது என்று பூங்குழலிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குள் மதன் வண்டியிலிருந்து இறங்கிவிட்டான். நோட்டைப் பிடுங்கிப் பேனாவைத் திறந்தான். எழுதவில்லை. ஒரு பக்கம் புரட்டினான். பிறகு கொத்தாகப் பின்னால் புரட்டினான்.

"அக்கா."

அவள் போய்ப் பார்த்தாள். அப்பாவின் கன்னட எழுத்து. தேதி, பெயர், பதவி, உள்ளே, வெளியே. நேற்றைய வரியில் பெயர் நஞ்சுண்டசாமி, பதவி வாட்ச்மேன், உள்ளே ஆறு மணி. வெளியே என்ற கட்டம் காலி. அதற்கு முந்தின நாளும் வாட்ச்மேன். அதற்கு முன்னாலும். மதன் விரல் வைத்திருந்த பக்கம் மூன்று வருஷம் பழையது. அந்தப் பக்கத்தில் பாதி வரைக்கும் எக்ஸ் ஆர்மி, எக்ஸ் ஆர்மி என்று வந்தது. ஆகஸ்ட் பதினாலாம் தேதியோடு அது நின்றிருந்தது. பதினைந்தாம் தேதி எக்ஸ் என்று ஆரம்பித்து, அடித்து, பக்கத்தில் வாட்ச்மேன் என்று எழுதியிருந்தார்.

அன்று கொடியேற்றக் கூப்பிட்டபோது தொட்டி வழிகிறது என்று மோட்டார் ரூமுக்குள் போனவர் வெளியே வரவில்லை. அதற்கடுத்து வந்த கொடியேற்றத்துக்கும் தொட்டி வழிந்தது. புதுசாக என்ன நாடகம் என்று அவள் அப்போது போனில் திட்டியிருக்கிறாள். அப்பா "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்டார்.

"தினம் எழுதிருக்காருக்கா" என்றான் மதன்.

"ம்."

"நான் தினம் இந்தக் கேட்டுலதான வந்தேன்."

அவள் அவன் தோளைத் தொட்டாள். அவன் தட்டிவிடவில்லை. நேற்றைய வரியில் வெளியே என்ற கட்டத்தில் மணியைப் பார்த்து பன்னிரண்டு நாற்பது என்று எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டு நோட்டைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

பராசரன் கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு தூண் ஓரம் நின்றார். புது வாட்ச்மேன் நோட்டை நாற்காலியில் வைத்தார். கேட்டை முழுக்கத் திறந்து ஒதுங்கி நின்று, உள்ளே வெளியே போகிற எல்லா வண்டிக்கும் அடிக்கிற சலாமை அந்த வண்டிக்கும் அடித்தார்.